மாமாவுக்கு மேல் வயிறு வலித்த வருஷம்

எங்கள் பக்கத்தில் தொண்டைக்கும் தொப்புளுக்கும் நடுவில் எங்கே வலித்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: கேஸ். 2008-ல் என் அக்கா வீட்டுக்காரருக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே முதல் தடவை வலி வந்தபோதும் அதையேதான் சொன்னோம். மாமா கடலூரில் டூவீலர் மெக்கானிக். வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் சோடா வாங்கிக் கொடுத்தார். அக்கா ஓமத் தண்ணீர் காய்ச்சினாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து ஓடிய நான், என் பங்குக்கு மெடிக்கலில் ரோஸ் கலர் டானிக் ஒன்று வாங்கினேன். வலி அடங்கியது. எது கேட்டது என்று தெரியாததால் மூன்று பேருமே பெருமைப்பட்டுக்கொண்டோம்.

பதினைந்து நாளில் வலி திரும்ப வந்தது. இந்தத் தடவை முதுகுவரை குத்தியது. அக்காவும் நானும் மாமாவை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். இசிஜியில் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் பித்தப்பைக் கல்லும் இல்லை.

“மேல் வயிறு வலிக்கு ஒரே காரணம் கிடையாதுங்க. புண்ணா இருக்கலாம், கல்லீரலா இருக்கலாம், கணையமா இருக்கலாம். நீங்க சரியா சொன்னாதான் நான் தேட முடியும். தண்ணி பழக்கம் உண்டா?” என்று கேட்டார்.

அக்கா மாமாவின் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். “கயிறு கட்டியிருக்காரு மேடம். ஏழு மாசமா ஒரு சொட்டு தொடல.”

குடியை விட நினைக்கிறவர்கள் கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்வது எங்கள் ஊர்களில் வழக்கம். கெடு முடியும்வரை தொடக்கூடாது. தொட்டால் சாமி சும்மா விடாது, பிள்ளைகளையும் சேர்த்துத் தண்டிக்கும் என்பார்கள். அக்காவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். டாக்டரம்மா அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்துத் தலையாட்டினார். மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

எனக்குத் தெரியும். கயிறு கட்டிய இரண்டாவது மாதமே பண்ருட்டியில் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போகிறோம் என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாருக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கயிற்றை வளையல் மாதிரி மெதுவாகக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார். “கைல இல்லல்ல மச்சான், அப்புறம் என்னா?” என்றார். குடித்து முடித்து, வாய் கொப்பளித்து, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போலக் கயிற்றை ஒற்றிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

டாக்டரம்மா வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை எழுதினார். “ரெண்டு நாள்ல கேக்கலன்னா வாங்க, ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்” என்றார். வலி கொஞ்சம் குறைந்தது, நாங்கள் போகவில்லை. அக்கா மருந்து வாங்கப் போன நேரத்தில் உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்காவிடம் கேட்பார்கள், அக்கா உடைந்துபோவாள், அவரும் இனிமேல் குடிக்க மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு காலையில் அவரால் நிமிரவே முடியவில்லை. வாந்தி நிற்கவில்லை. கடலூர் ஆஸ்பத்திரியில் சிதம்பரம் கொண்டுபோங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். வாடகைக் காரில் அக்கா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்க சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பின் சீட்டில் மாமா முழங்காலை நெஞ்சோடு மடக்கி என் மடியில் தலை வைத்துக் கிடந்தார். சட்டையெல்லாம் வியர்வை. என் கையை இழுத்து, அவளுக்குக் கேட்காமல் சொன்னார். “அவகிட்ட மட்டும் சொல்லிடாத மச்சான். புள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்தே செத்துருவா.” சரி மாமா என்றேன்.

சிதம்பரத்திலும் அதே கேள்வி, அக்காவிடமிருந்து அதே பதில். அங்கிருந்த டாக்டருக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். அவர் பின்னாலேயே வராந்தாவுக்கு ஓடினேன்.

“குடிப்பாரு சார். நேத்து முந்தாநாள்கூட குடிச்சாரு. அக்காவுக்குத் தெரியாது. அவுங்ககிட்ட சொல்லிடாதீங்க சார்.”

அவர் திட்டவில்லை. எத்தனை வருஷமாக, எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார். கணையம் வெந்துபோன மாதிரி இருக்கிறது, கிட்னியும் பாதித்திருக்கிறது, முடிந்ததைச் செய்கிறோம் என்றார்.

ஒன்பது நாள் நாங்கள் செய்ய ஒன்றுமே இல்லை. ஐசியு கண்ணாடிக்கு வெளியே நிற்பதும், சீட்டு கொடுத்தால் மருந்து வாங்கி வருவதும்தான். நடுவில் ஒருநாள் அக்கா அந்த டாக்டரை மறித்துக் கேட்டாள். “அவருதான் குடிக்கறதே இல்லயே சார், அப்புறம் எதனால இது வந்துச்சு?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கெஞ்சியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். “பல காரணம் இருக்கும்மா. கல்லு அடைச்சாலும் வரும். சில பேருக்கு ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தியானாலும் வரும்.”

பத்தாவது நாள் மாமா போய்விட்டார்.

காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அக்கா அதையே சொன்னாள். கொழுப்பாம். எண்ணெய் மிதக்க மிதக்க ஆக்கிப் போட்டு நானே கொன்னுட்டேன். உறவுக்காரர்கள் அப்படியெல்லாம் இல்லை என்று தலையாட்டினார்கள். இரண்டு பெண்களும் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பந்தல்காரரிடம் ஏதோ பேசப் போவது போல வெளியே போய்விட்டேன்.

இப்போதும் கடலூர் போனால் அக்கா சாப்பிடச் சொல்வாள். தாளிக்காத குழம்பு, வேகவைத்த காய். பக்கத்தில் உட்கார்ந்து, “எண்ணெ ஜாஸ்தியா இல்லயேடா?” என்று கேட்பாள்.

இல்லக்கா என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவேன்.