ஊசிப்போன மொச்சைக் குழம்பும் ஒரு பிரேதப் பரிசோதனையும்

ஊசிப்போன குழம்பை, அதுவும் ஊரே கூடி நிற்கும்போது, சட்டியோடு தூக்கிக் குடித்தவன் நான். பசிக்குக் குடித்தேன் என்றாலாவது மன்னிக்கலாம். வீரத்துக்குக் குடித்தேன். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. திண்டுக்கல்லில் சொந்தமாக ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. கடைக்கு வருகிறவனைச் சிரிக்க வைக்காமல் அனுப்பமாட்டான் என்று ஒரு பேரும் இருந்தது. வயது, கடை, பேர் இத்தனை இருந்தால் கூடவே புத்தியும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் தங்கையைக் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தோட்டம். மிளகாயும் வெங்காயமும் போடுவார். அன்று காலையில் கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்துவிட்டு வந்தவர், கம்பஞ்சோற்றில் மொச்சைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் சாய்கிறேன் என்று கட்டிலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை. நாற்பது வயதுகூட ஆகாத மனிதர். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவரில்லை.

சேதி கிடைத்து நான் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. அதற்குள் கிராம முன்சீப் வந்து பார்த்துவிட்டு, “நெஞ்சடைப்பு. ஆயுசு அம்புட்டுத்தான். காலையில எடுத்துருங்க” என்று சொல்லிப் போயிருந்தார். யாரும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் விடியக்காலையில் ஆரம்பித்தார். அவரும் சொல்லவில்லை. பாடினார்.

“மொச்சக் கொழம்பு ஊத்தி முழுக்கும்பா சோறு வச்சு
என்னத்தக் கலந்தாளோ ஏந்திரிக்க மாட்டாம”

ஒப்பாரியில் வருகிற பழிக்குப் பதில் சொல்ல ஊரில் வழியில்லை. வெறும் வாயால் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போகலாம். ராகம் போட்டுச் சொன்னால் ராகத்தோடுதான் மறுக்க வேண்டும். என் குரலுக்கு அது ஆகாது. மகனைப் பறிகொடுத்தவர் பாடுகிறார், பாடிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அடுத்த பாட்டு முடிவதற்குள், தங்கையைக் கட்டிக்கொண்டு அழுத பெண்கள் அவளை விட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஒரு சாணை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகளோடு அவள் இனியும் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும். புருஷன் சோற்றில் எதையோ கலந்தவள் என்ற பேரோடு எப்படி இருப்பாள்?

குழம்புச் சட்டி அடுப்படி மூலையில் அப்படியே இருந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். ஆகவே முதல் நாள் காலையில் வைத்த குழம்பை யாரும் சுட வைக்கவில்லை. யாரோ அதில் கொஞ்சம் எடுத்து ஒரு சிரட்டையில் ஊற்றி நாய்க்கு வைத்தார்கள். நாய் மோந்து பார்த்தது. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

“வாயில்லாச் சீவனுக்கே தெரியுது பாருங்க” என்றது ஒரு குரல்.

அந்த நாய்க்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. விறுவிறுவென்று உள்ளே போய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

“அத்தை, இதுலதான வெசம் இருக்கு? எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க.”

குடித்தேன். நுரைத்திருந்தது. பாதியில் நிறுத்தினால் பயந்துவிட்டான் என்பார்களே என்று அடிமண்டி வரைக்கும் குடித்தேன். “புளிதான் கொஞ்சம் தூக்கல்” என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கவும் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் பெண்கள் அந்த ஒரு சாணைக் குறைத்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று பந்தல்காலில் சாய்ந்து நின்றேன்.

பிரேதத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போன ஆட்கள் திரும்பி வருவதற்குள் என் வயிற்றில் கமலை இறைக்கத் தொடங்கிவிட்டது. முதல் தடவை வைக்கோல் படப்புக்குப் பின்னால் போனதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த தடவை சிலர் கவனித்தார்கள். அதற்கப்புறம் நான் எழுந்தாலே ஊர் மொத்தமும் தலையைத் திருப்பியது. கடைசியில் படப்பு வரைக்கும்கூடப் போக முடியவில்லை. பந்தலுக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து வாந்தி எடுத்தேன். சாவுக் கொட்டு நின்றுவிட்டது. தங்கையின் மாமியார் பாடவில்லை. பாட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது.

முன்சீப்பைக் கூட்டி வந்தார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, நீ சும்மா இருந்திருந்தா நானும் சும்மா இருந்திருப்பேன். இனிமே எவனாச்சும் ஒரு மனு எழுதிப் போட்டான்னா ஏ வேல போயிரும்.”

“அது ஊசுன கொழம்புய்யா.”

“அத நீ சொல்லக் கூடாது. டாக்டரு சொல்லணும்.”

“அப்ப என்னைய மட்டும் டாக்டருகிட்ட அனுப்புங்க. அவர விட்ருங்க.”

“ரெண்டு பேருமே போங்க” என்றார்.

தலையாரி போய்ப் போலீசைக் கூட்டி வந்தான். சப் இன்ஸ்பெக்டர் ஐந்து பேரைப் பஞ்சாயத்தாராக நிறுத்தி, சாவில் சந்தேகம் உண்டா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஐந்து பேரும் பிரேதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். சந்தேகம் உண்டு என்றார்கள். அறுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவாகிவிட்டது.

வேடசந்தூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி. வைக்கோலைப் பரப்பி ஒரு பக்கம் மாப்பிள்ளையைக் கிடத்தினார்கள். உட்கார முடியாததால் மறுபக்கம் என்னையும் கிடத்தினார்கள். தங்கை வரக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கையில் ஒரு பனையோலை விசிறி. அந்தப் பக்கம் ஈ ஓட்டினாள், இந்தப் பக்கம் எனக்கு வீசினாள். மாமியார் பின்னால் இன்னொரு வண்டியில் வந்தார். வெயில் வண்டிக்கூண்டைப் பொசுக்கியது. வழியில் ஆடு மேய்த்தவன் ஒருவன் கிட்டத்தில் வந்து எட்டிப் பார்த்தான்.

“வண்டியில எத்தன பொணம்ப்பா?”

“இப்போதைக்கு ஒண்ணு” என்றான் வண்டிக்காரன்.

வேறு நாளாக இருந்தால் அதை நான் கடையில் ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் பார்த்தது என்னைத்தான். உயிரோடு இருக்கிறவனுக்கு அந்த ஒரு சலுகை உண்டு.

“எப்ப வச்ச குழம்பு?”

“நேத்துக் காலையிலங்க.”

“சுட வைக்கலையா?”

“சாவு வீடுங்க.”

“இந்த வெயிலுக்கு அதக் குடிச்சா எமனுக்கே வயித்தால போகும். இதுல வெஷம் எங்க இருக்கு?”

எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. “அப்ப அவர அறுக்க வேண்டியதில்லைங்களே. என் வயித்த நம்பித்தானே இங்க கொண்டாந்தாங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

“போலீஸ்காரங்க எழுதிக் குடுத்துட்டாங்க. இனி உங்க வயித்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல” என்று சொல்லிக் கையைக் கழுவப் போய்விட்டார்.

அறுக்கிற அறை பின்பக்கம் தனியாக இருந்தது. எதிரே ஒரு வேம்பு. அதன் அடியில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். என்னைப் போன்றவனுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு வேலையும் கிடையாது. சிரிக்க வைக்கக் கூடாது, அழவும் தெரியாது. தங்கை அன்றைக்கு முதன்முதலாக என்னிடம் பேசினாள்.

“மொகத்துல கை வைக்க மாட்டாங்கள்லண்ணே?”

“மாட்டாங்க தாயி. வயித்த மட்டுந்தான்” என்றேன். எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததை அடித்துச் சொல்வது என் தொழில் இல்லை, பழக்கம்.

வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது, மண்டைத் தையல் தெரியாமல் நெற்றியை மூடித் தலையைச் சுற்றியும் ஒரு துணி இறுக்கிக் கட்டியிருந்தது. அவள் அந்தக் கட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் வெளியே வந்து மாமியாரிடம்தான் பேசினார்.

“நெஞ்சுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கும்மா. ஆனா குடல சோதனைக்கு மெட்ராசுக்கு அனுப்பியாகணும். அங்கருந்து பதில் வந்தப்புறம்தான் முடிவா எழுதித் தர முடியும். இவங்கப்பா எப்படிப் போனாரு?”

மாமியார் மகனைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். “அவுகளும் இப்புடித்தான். சாப்பிட்டுப் படுத்தாக.”

யார் சமைத்துப் போட்டது என்று டாக்டர் கேட்கவில்லை. எங்களில் யாரும் கேட்கவில்லை. எங்களோடு வந்திருந்த முன்சீப் மட்டும் வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மெட்ராசிலிருந்து பதில் வருகிற வரைக்கும் என் தங்கையை அந்த வீட்டில் அடுப்படிக்குள் விடவில்லை. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அடுப்பு மட்டும் அவளுக்கு இல்லை. கண் சரியாகத் தெரியாத மாமியாரே புகைக்குள் உட்கார்ந்து சமைத்தார். பிள்ளைகளுக்கும் அவரே பரிமாறினார். தங்கை தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்து, போட்டதை வாங்கித் தின்றாள். குடிக்கிற தண்ணீரைக்கூட யாரும் அவள் கையால் வாங்கவில்லை. நம் வீட்டுக்கு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். “இப்ப வந்தா செஞ்சுட்டு ஓடிட்டான்னு ஆயிரும்” என்பாள்.

மாதங்கள் போயின. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன். ஏட்டு தலையை நிமிர்த்தாமல், வரவில்லை என்பார். திரும்பி மிதிப்பேன். போகப்போக நான் படியேறும்போதே உள்ளிருந்து “வரல” என்று குரல் வந்துவிடும். கடையில் வேடிக்கை பேசுவதும் குறைந்துபோனது. வாய்தான் ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன்; மிதித்து மிதித்துக் கால்தான் ஓய்ந்திருக்கிறது.

ஐப்பசி மழை விழுந்தபிறகுதான் பதில் வந்தது. விஷம் எதுவும் இல்லை. நனைந்துகொண்டே மிதித்துப் போய் மாமியாரிடம் சொன்னேன். அவர் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்ந்து முடித்தார். தண்டையெல்லாம் கூட்டி ஒதுக்கினார். அப்புறம் தங்கையைப் பார்க்காமலே, “அடுப்பு பொகையுது. என்னான்னு பாரு” என்றார். அவள் எழுந்து உள்ளே போனாள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது?

திடீரென்று செத்தவரை அறுத்துத்தான் பார்க்க வேண்டுமா என்று கடையில் அடிக்கடி வாதம் நடக்கும். ஒருத்தர், உண்மை தெரிய வேண்டாமா என்பார். இன்னொருத்தர், தெரிந்தால் மட்டும் போனவன் திரும்பி வரப்போகிறானா என்பார். இரண்டு பேரும் காற்றடிக்க வந்தவர்கள், காற்றடித்ததும் போய்விடுவார்கள். எனக்கு ஒரு பக்கம் சேர முடிந்ததில்லை. அறுக்காமல் எரித்திருந்தால் அந்த ஒப்பாரி என் தங்கை சாகிற வரைக்கும் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கும். அதுவும் நிஜம். தலையில் கட்டியிருந்த அந்தத் துணி இருக்கிறதே, அதுவும் நிஜம்.

சில வருஷம் கழித்து ஒரு பொங்கலுக்குத் தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். மாமியார் பக்கத்தில் அவள் கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். வீடு நன்றாக இருந்தது. எனக்கும் பழைய வாய் திரும்பிவிட்டது.

“ஒரு வகையில பாத்தா, அன்னிக்கு நா அந்தக் கொழம்பக் குடிச்சது நல்லதாத்தான் போச்சு தாயி. அதுனாலதான அறுத்தாக, அறுத்ததுனாலதான பழி போச்சு. நாந்தான் ஒன்னையக் காப்பாத்துனேன்னு வச்சுக்கயேன்” என்றேன்.

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

“ஒன்னைய அறுக்கலையில்ல.”