காயாத கதவு

எங்கள் வீட்டு வாசற்கதவு ஒரே கோடையில் நீலமாகிப் பச்சையாகி மறுபடியும் நீலமானது என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். நான் கண்ணால் பார்த்தவள்.

கோப்பாயில் எங்களுக்கு வெங்காயத் தோட்டம். அந்த வருஷம் அக்காவுக்கு ஒரு மலாயாச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அங்கே றெயில்வேயில் கிளாக்கர். லீவில் ஊருக்கு வந்திருந்தார். ஆடி பிறந்தால் நல்ல காரியம் பேசமாட்டார்கள். அதற்குள் தாலியைக் கட்டி, பெண்ணையும் கூட்டிக்கொண்டு அவர் கப்பலேறிவிட வேண்டும்.

வீடு அக்காவின் சீதனம். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைவிட வீட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள் என்பது ஐயாவுக்குத் தெரியும். கதவோ வெயிலில் வெளிறிப்போய்க் கிடந்தது. பெயின்ற் அடிப்பதென்று முடிவாயிற்று.

"வீடு உனக்குத்தானே பிள்ளை. நிறத்தை நீயே சொல்லு," என்றார் ஐயா.

அக்கா உடனே சொல்லவில்லை. அன்று பின்னேரம் என் பள்ளிக்கூடத் தேசப்படப் புத்தகத்தை விரித்து மலாயாவைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். எங்கள் ஊரில் விரலை வைத்து, கடலைத் தாண்டி அங்கே போய்ச் சேரும்வரை மெல்ல இழுத்தாள். அக்காவுக்கும் பூமிசாஸ்திரத்தில் ஆசை வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் அம்மாவிடம், "பச்சை அடிச்சால் இலட்சுமிகரமாய் இருக்கும் அம்மா," என்றாள். தோட்டத்துக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோன இடத்தில் ஐயாவிடம், "பட்டணத்திலை இப்ப எல்லா வீட்டிலையும் நீலந்தானாம் ஐயா," என்றாள். இரண்டு தடவையும் நான் பக்கத்தில்தான் நின்றேன். வழியில் மனம் மாறிவிட்டாளாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஐயா பஸ் ஏறிப்போய் நீல பெயின்ற் வாங்கிவந்து தானே அடித்தார். அம்மா நேரே அடுக்களைக்குள் போனாள். மத்தியானம் முருங்கையிலை வறை வந்தது. அடுத்த நாள் அகத்தி. அதற்கடுத்த நாள் வல்லாரைச் சம்பல். சோற்றைத் தவிர எல்லாம் பச்சை. ஐயா ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு போய் நீலத்தைச் சுரண்டிவிட்டுப் பச்சை அடிக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துத் தரகர் வந்து, "மாப்பிள்ளை வீட்டார் நாளைக்கு வரட்டோ?" என்று கேட்டார்.

"கதவு காயேல்லை. நல்ல காரியத்துக்கு வாறவையைக் கோடிப்பக்கத்தாலையே கூட்டிக்கொண்டு வாறது? கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்," என்றார் ஐயா. வீட்டின் பின்பக்கத்தால் சம்பந்திகள் நுழைவதை அம்மாவும் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி.

பச்சை காய்ந்தது. அக்கா கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் அந்த நீலமும் நல்ல வடிவு, என்ன ஐயா?" என்றாள்.

அது போதும். "பாத்தியே, பிள்ளைக்கும் நீலந்தான் பிடிச்சிருக்கு!" என்று ஐயா துள்ளி எழும்பினார். இரண்டாவது முறை வந்த தரகர், ஈரம் தெரியாமல் கதவில் சாய்ந்தார். முதுகில் நீலத்தோடு சந்திவரை நடந்துபோனார். அதற்குப் பிறகு படலைக்கு வெளியே நின்றுதான் கதைத்தார். அப்புறம் கதைக்கவும் வரவில்லை.

மாப்பிள்ளை அரியாலையில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அந்த வீட்டுக் கதவு பெயின்றையே கண்டதில்லையாம். அம்மா ஐயாவின் நீலத்தைத் திட்டினாள். ஐயா அம்மாவின் முருங்கையைத் திட்டினார். பிறகு இருவருமாக அக்காவைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

கிணற்றடியில் உடுப்புப் பிழிந்துகொண்டிருந்தவளிடம் ஐயா போய், "பிள்ளை, உன்ரை விருப்பத்தை இப்பவாவது சொல்லு. பச்சையோ, நீலமோ?" என்று கேட்டார்.

"எந்த நிறமெண்டாலும் எனக்குச் சரி ஐயா," என்றாள் அக்கா. அப்படிச் சிரித்த முகத்தை அந்தக் கோடை முழுவதும் நான் பார்த்திருக்கவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை முருங்கையிலை தின்றிருக்க வேண்டியதில்லையே! அந்தக் கல்யாணப் பேச்சில் அக்காவிடம் யாரும் கேட்ட ஒரே கேள்வி கதவின் நிறம்தான் என்பதோ, அந்த ஒன்றை வைத்தே அவள் தன் மறுமொழியைச் சொல்லி முடித்துவிட்டாள் என்பதோ எனக்கு அன்று விளங்கவில்லை.