குழந்தையின் கழுத்தில் குதிரைப் பதக்கம்

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் குதிரையின் மார்பு வாரில் பதக்கம் தொங்கவிட்டவர்கள், அழகுக்குத்தான் தொங்கவிட்டார்களா? வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு தாய் கேட்டார். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

வயலிலும் ஆற்றங்கரையிலும் கிடைத்த பழம்பொருட்களை மக்கள் கொண்டுவந்து காட்டும் லண்டன் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். அளந்து, படமெடுத்து, பதிவு செய்வது என் வேலை.

அன்று தெற்கு லண்டன் தோர்ன்டன் ஹீத்திலிருந்து ஓர் இலங்கைத் தமிழ் அண்ணை, மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். ஞாயிறுகளில் மெட்டல் டிடெக்டரோடு வயல்களில் திரிபவர்.

"பொருள் எங்கே அண்ணை?"

குழந்தையின் கழுத்தைக் காட்டினார். கறுப்பு நூலில் கேடய வடிவில் ஒரு செப்புப் பதக்கம். மேலே லூப், ஓரத்தில் துளி பொன்முலாம். ஹார்னஸ் பெண்டன்ட், குதிரையின் வாரில் தொங்கவிடும் பதக்கம்.

"பிள்ளைக்குக் காவலாக் கழுத்தில கட்டின பஞ்சாயுதம் துலைஞ்சுபோச்சு அக்கா. ஒரே அழுகை. இதைக் கட்டின பிறகுதான் நித்திரை கொள்ளுது," என்றார் மனைவி.

"இது குதிரைக்குக் கட்டுறது," என்றேன்.

அண்ணை மனைவியைப் பார்த்து வெடித்துச் சிரித்தார். "பாத்தியே, என்ர பிள்ளையைக் குதிரையாக்கிப்போட்டாய்!"

மனைவி சிரிக்கவில்லை. "குதிரைக்கு என்னத்துக்குக் கட்டினவை?"

பதக்கத்தின் விளிம்பில் இளம்பச்சைத் தூள். செம்பு அரிக்கத் தொடங்கியிருந்தது. குழந்தை அதைச் சப்பிக்கொண்டிருந்தது. 'அழகுக்கு' என்று மட்டும் சொல்லியிருந்தால் கழற்றியிருப்பார். நானோ பதிவில் எழுதுவதுபோல, "அழகுக்காக இருக்கலாம். கண்ணூறு, திருஷ்டி படாமல் இருக்கவும் கட்டியிருக்கலாம்," என்றேன்.

"அப்ப சரிதானே!" முடிச்சை இறுக்கினார்.

"இந்தத் தூள் வயித்துக்குள்ள போகக் கூடாது, கழட்டுங்கோ."

"வெறுங்கழுத்தோட விடவோ? உங்கட பிள்ளையை விடுவீங்களோ?"

என் மகளின் வெள்ளிப் பஞ்சாயுதம் கைப்பையில் கிடந்தது. நர்சரியில் கழுத்தில் எதுவும் கூடாது என்றதால் அன்று காலைதான் கழற்றியிருந்தேன். எடுத்து நீட்டினேன். அதைக் கட்டிய பிறகே பதக்கத்தை என் மேசையில் வைத்தார். குழந்தையின் வாயையும் கையையும் துடைத்து, டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலையே என் மகளுக்கு இருமல். நர்சரியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருமல்தான், தெரியும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் இப்போதும் குளிப்பாட்டும்போது என் கை அவள் கழுத்தைத் தடவிப் பார்க்கிறது.

தெரியாததைத் தெரியாது என்று சொல், இதுதான் இந்த வேலையில் கற்ற பாடம். பச்சைத் தூளைச் சப்பும் பிள்ளைக்கு முன்னாலும் அப்படியா? என் இடத்தில் நீங்கள் அந்தத் தாய்க்கு என்ன சொல்லியிருப்பீர்கள்? என் மகளுக்கு இன்னொரு பஞ்சாயுதம் வாங்கட்டுமா, விடட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.