முகம் பார்த்து உப்புப் போடுகிறவர்

“மெல்லாத. அப்படியே நாக்குல வெச்சிரு. ம்... இப்ப மெல்லு.”

பல்குத்தும் குச்சியின் முனையில் இருந்த காசளவு கறித்துண்டை மனைவியின் வாயில் வைத்துவிட்டு, போட்டோக்காரர் ஓரடி பின்வாங்கித் தலையைச் சாய்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றாள் அவள். அதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய இடது புருவம் ஒரு நூல் ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டார். கிண்ணத்தில் இருந்த கொத்துக்கறியில் இன்னொரு சிட்டிகை உப்பு விழுந்தது.

“நான்தான் நல்லா இருக்குன்னு சொன்னேனே!”

“நீ சொன்னே. உன் புருவம் சொல்லலையே.”

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டு மொட்டை மாடியில் நடக்கிற காரியம் இது. பர்கருக்குக் கறி பிசைகிற அந்த மனிதர், அதை ஒரு நாளும் தாமே ருசி பார்த்ததில்லை. “பிசைஞ்சவன் நாக்கு பிசைஞ்சவனுக்குத்தான் சாதகமா பேசும்” என்பார். அடுத்தவர் முகத்தில் என்ன தெரிகிறதோ அதை வைத்துத்தான் உப்பு, அதை வைத்துத்தான் மிளகு. கறியும் மீந்ததில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு வெறும் பன்னுக்கு நடுவே வெங்காய வளையத்தை வைத்துக் கடித்துவிட்டு, கை கழுவப் போய்விடுவார்.

தொழில் அப்படி. கடைத்தெரு முனையில், பல் டாக்டருக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவில், ஆள் நீட்டிப் படுத்தால் கால் வாசலுக்கு வந்துவிடுகிற அளவுக்கு ஒரு ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம்தான் பிழைப்பு. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். டை அதோடு சேர்த்தே தைக்கப்பட்டிருக்கும். முன்பக்கம் மட்டும்தான் கோட்டு, முதுகில் நாடா. அந்த வட்டாரத்திலிருந்து வெளிநாடு போன ஆண்கள் அத்தனை பேரும் அந்த ஒரே கோட்டில்தான் போயிருக்கிறார்கள். ஒல்லியானவருக்கு நாடாவை இறுக்குவார், தடித்தவருக்குத் தளர்த்துவார். “சிரிக்காதீங்க, பல்லு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, தெருவில் அவர் பெயரே அதுவாகிவிட்டது. “சிரிக்காதீங்க கடை திறந்திருக்கா?” என்றுதான் விசாரிப்பார்கள்.

முகத்தைப் பற்றி அவருக்கு உறுதியான கொள்கைகள் உண்டு. “முதல் நொடி முகம்தாங்க நிஜம். அப்புறம் வர்றதெல்லாம் மரியாதை.” உப்பு குறைந்தால் புருவம். மிளகு ஏறினால் மூக்கு நுனி. பூண்டு அதிகமானால் கண் ஒருதரம் வாசல் பக்கம் போய்த் திரும்பும். மனைவியின் முகத்தை நம்பலாம். மாமியாரின் முகத்தையும் நம்பலாம். ஆனால் பல்செட்டு நகர்கிறதா, ருசியில் முகம் நகர்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மச்சான் முகம்தான் எதற்கும் உதவாது. என்ன கொடுத்தாலும் “சூப்பர் அத்தான்!” என்பான். “இவன் முகத்துல ஒண்ணுமே விழாது. ஃபிலிம் போடாத கேமரா” என்று அவனை ஒதுக்கிவிட்டார்.

அந்த மச்சான்தான் இதற்கெல்லாம் காரணம். ஏதோ கடையில் குலுக்கலில் அவனுக்குக் கிரில் அடுப்பு விழுந்தது. அவன் வீட்டில் துணி உலர்த்தவே இடமில்லை. கொண்டுவந்து அக்கா வீட்டு மொட்டை மாடியில் இறக்கிவிட்டான். முதல் வாரமே ஒரு சிக்கல். தட்டிப் போடுகிற கறி வட்டத்துக்குப் பெட்டியில் ‘பாட்டி’ என்று எழுதியிருந்தது. “பாட்டியைத் தட்டையாத் தட்டி, ரெண்டு பக்கமும் திருப்பிப் போட்டு வாட்டணும்” என்று அவர் உரக்கப் படித்தபோது, பேரன் பேத்தி எடுத்த மாமியார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். “மாப்பிள்ளை மனசுல இருக்கிறது இன்னிக்குத்தான் வெளியில வந்திருக்கு.” அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்கு ‘வட்டு’ என்று பெயர்.

கறி விஷயத்தில் அவர் கை பொல்லாத கைதான். கசக்க மாட்டார். கைக்குழந்தையைப் படமெடுக்க உட்கார வைப்பதுபோல, சரிந்துவிடாமலும் அழுதுவிடாமலும் பார்த்துப் பார்த்துத் தொடுவார். துருவிய வெங்காயத்தைப் பிழிந்து போடுவார். கொஞ்சம் கடுகு விழுது, கொஞ்சம் பூண்டு, மிளகை அப்போதுதான் பொடிப்பார். எல்லாம் கலந்த பிறகு, ஒரு துளி கிள்ளி வாணலியில் வாட்டி, குச்சியில் குத்தி, யாராவது ஒருவரைத் தேடிப் போவார்.

ஒரே பெண். அவளுக்குக் கல்யாணமாகிப் புகுந்த வீடு போனபோதுதான் அவருக்குச் சோதனை வந்தது. சோதனையின் பெயர் சம்பந்தி.

சம்பந்தி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துக்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். கொலையும் விவாகரத்தும் பங்காளிச் சண்டையும் காதில் விழ விழ, முகத்தை அசைக்காமல் எழுதிக்கொண்டே இருந்தவர். கல்யாணச் சாப்பாட்டை அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. போட்டோக்காரர் கல்யாணப் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார். மாலையோடு நிற்கிறார், அதே முகம். யாரோ கிச்சுகிச்சு மூட்டினாற்போல எல்லாரும் சிரிக்கிறார்கள், நடுவில் அதே முகம். பாயசம் மடியில் கொட்டியிருக்கிறது, அதே முகம்.

“எந்தப் படத்தை வெட்டினாலும் பாஸ்போர்ட்டுக்கு ஆகும்” என்றார் மனைவியிடம். இப்படியொரு முகத்தைத் தொழிலில் தேடித் தவித்தவர்தான். சொந்தத்தில் கிடைத்ததும் பயந்து போனார்.

மகள் போனில், “மாமாவுக்கு எல்லாமே பிடிக்கும்ப்பா. எதுவுமே சொல்ல மாட்டார்” என்றாள்.

“பாத்தியா? எதுவுமே சொல்ல மாட்டாராம்!” என்று ரிசீவரைப் பொத்திக்கொண்டு மனைவியிடம் கிசுகிசுத்தார். “பொண்ணு வாழற வீடு. அவர் மனசுல என்ன இருக்குன்னு தெரியாம எப்படித் தூங்கறது? வர்ற ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. ஒரு வாய் கறி போதும். முகத்துல இருந்து வாங்கிடறேன்.”

அந்த ஞாயிறு காலையிலேயே பிசைய ஆரம்பித்துவிட்டார். மனைவியின் புருவம் ஏறியது; உப்புப் போட்டார். மாமியாரின் மூக்கு நுனி துடித்தது. மிளகு கூடிவிட்டதென்று வெங்காயம் சேர்த்தார். வெங்காயம் சேர்ந்ததும் மனைவியின் உதடு ஓரம் இறங்கியது, அதற்குக் கடுகு. கடுகுக்கு ஈடாக உப்பு. ஒவ்வொரு தடவையும் ஒரு துளி வாணலிக்குப் போயிற்று. துளி என்று பெயர்தானே தவிர, பதற்றம் ஏற ஏறத் துண்டும் பெருத்துக்கொண்டே வந்தது. “சின்னதா இருந்தா முகம் சரியா விழ மாட்டேங்குது” என்றார்.

கீழ்வீட்டு மெத்தைக் கடைக்காரர், “புகை ஜன்னல் வழியா வருது சார்” என்று சண்டை போட மேலே வந்தார். வாயைத் திறந்தவுடன் துண்டு உள்ளே போய்விட்டது. அவர் கண் மூடி, கன்னம் நடுங்கியது. அப்படியொரு உருக்கமான முகத்தைப் பார்த்ததில்லையே என்று போட்டோக்காரர் பூரித்துப் போய், இன்னும் கொஞ்சம் மிளகு அரைத்துப் போட்டார்.

“கடைவாய்ப் பல்லு சார்” என்றார் மெத்தைக் கடைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. “பூச்சி.”

அடுத்து, பார்சல் கொண்டுவந்த கூரியர் ஆள் மாட்டிக்கொண்டான்.

“சார், இங்க ஒரு கையெழுத்து...”

“போடறேன். முதல்ல வாயைத் திறங்க.”

அவன் மென்றான். கண்கள் அகன்றன, நெற்றியில் வரி விழுந்தது, கால் தானாகப் படியைத் தேடியது. போட்டோக்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “இது பயம். பயத்துக்கு உப்பு போட முடியாது” என்று அவனை விட்டுவிட்டார். மனம் கேட்காமல் ஒரு சிட்டிகை போட்டும் வைத்தார்.

வெயில் உச்சிக்கு ஏறியது. மாமியார் நாற்காலியில் ஏப்பம் விட்டபடி சாய்ந்திருந்தார். “மாப்பிள்ளை, இனிமே என் முகத்தை நம்பாதீங்க. அது தூங்கப் போயிடுச்சு.” மனைவி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். “இன்னொரு துண்டு நீட்டினீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

“உங்கம்மா இங்கதானே இருக்காங்க?”

“அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போவேன்!”

சொல்லிக்கொண்டே கிண்ணத்தை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். “என்னங்க... கறி எங்க?”

அவரும் பார்த்தார். கிண்ணத்தின் அடியில், இழுத்துப் பிடித்துத் தட்டினால் ஒரே ஒரு வட்டு தேறும். அதுவும் மெலிந்த வட்டு. மீதியெல்லாம் பரிசோதனையில் போய்விட்டது.

“அத்தான், இருந்தாலும் எல்லாமே சூப்பர்” என்றான் மச்சான், மூலையிலிருந்து. இவன் எப்போது, எத்தனை தின்றான் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே அழைப்பு மணி அடித்தது.

மனைவிதான் குடும்ப மானத்தைக் காப்பாற்றினாள். முட்டைகளை உடைத்து ஊற்றிப் பொரித்துப் பன்னுக்குள் வைத்து, இதற்காகத்தான் எல்லாரையும் வரவழைத்ததுபோலப் பரிமாறினாள். மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் முட்டை பன்னைச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அந்த ஒரே கறி வட்டு, கம்பி வலைமேல் இரு பக்கமும் வாடி, ஓரத்தில் கருத்த கோடுகளோடு, பன்னுக்குள் ஏறிச் சம்பந்தியின் தட்டுக்கு வந்தது.

போட்டோக்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளிச்சம் சம்பந்தியின் முகத்தில் விழுகிறதா என்று பார்த்து, நிழலுக்கு விரித்திருந்த குடையைக் கொஞ்சம் நகர்த்தினார்.

சம்பந்தி தட்டைப் பார்த்தார். போட்டோக்காரரைப் பார்த்தார். தொடவில்லை. மேஜையைச் சுற்றி மெல்லுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மகளின் முகம் வெளுத்தது.

“ஏதாவது தப்பா சம்பந்தி?” என்றார் போட்டோக்காரர்.

சம்பந்தி தம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் மெல்லத் தலையசைத்தார்.

“தப்பெல்லாம் ஒண்ணுமில்லை. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஜுரம் வந்துச்சு. ஜுரம் போச்சு. போகும்போது வாசனை, ருசி ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. உப்பும் சர்க்கரையும் எனக்கு ஒண்ணுதான்.” அவர் மருமகள் பக்கம் திரும்பினார். “நீ ஆசை ஆசையா சமைக்கிறேம்மா. அதான் சொல்லலை.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் மட்டும், “அப்ப இதை நான்...” என்று ஆரம்பித்து, அக்காவின் பார்வை பட்டு அடங்கினான்.

“சாப்பிடும்போது எதிர்ல இருக்கிறவங்க முகத்தைப் பார்ப்பேன்” என்றார் சம்பந்தி. “அவங்க முகத்துல என்ன தெரியுதோ அதுதான் எனக்கு ருசி. கோர்ட்டுல பழகின பழக்கம். ஆனா நீங்க எல்லாரும் முட்டை சாப்பிடறீங்க. இதை யார் முகத்துல பார்க்கறது?”

அவர் கத்தியை எடுத்துப் பன்னை நடுவில் வெட்டினார். ஒரு பாதியை எதிர்ப்பக்கம் தள்ளினார்.

“உங்க கையால செஞ்சது. ஒரு வாய் சாப்பிடுங்க. நான் பார்க்கறேன்.”

போட்டோக்காரர் இதுவரை யார் எதிரிலும் இப்படி உட்கார்ந்ததில்லை. கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மனைவி, மாமியார், மகள், மாப்பிள்ளை, எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பாதிப் பன்னை எடுத்துக் கடித்தார். மனைவியின் புருவத்துக்குப் போட்ட உப்பு, கூரியர் ஆளின் பயத்துக்குப் போட்ட உப்பு, மெத்தைக் கடைக்காரரின் கடைவாய்ப் பல்லுக்கு அரைத்த மிளகு, அத்தனையும் ஒரே சமயத்தில் நாக்கில் வந்து இறங்கின. காது மடல் சூடேறியது. அவர் முகத்தை அசையாமல் பிடித்து வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல மென்று விழுங்கினார்.

“எப்படி சம்பந்தி?” என்றார் சம்பந்தி.

“நல்லாத்தான் இருக்கு.”

சம்பந்தி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து எதிரே நீட்டினார். போட்டோக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, கீழே வைக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.