அண்ணன் கிதாரில் விழுந்த ஓட்டை

வீட்டில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர். பென்சில் சீவினால்கூட நீளம் பார்ப்பவள். அண்ணனுக்குப் பட்டப்பெயர் தேவைப்படவில்லை. எது உடைந்தாலும் எல்லோருடைய கண்ணும் தானாக அவன் பக்கம் திரும்பும். பாதி நாள் அது நியாயமாகவும் இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிதார் செய்யக் கற்றுத்தரும் தொழிற்பள்ளியில் அவன் இரண்டு தடவை கோட்டைவிட்டான். மூன்று வயது சின்னவளான இவளும் அங்கேயே சேர்ந்து, அவனோடு ஒரே வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். இவளுடைய எலெக்ட்ரிக் கிதார் போன வாரமே தேறிவிட்டது. அவனுக்கு இது கடைசித் தடவை. இதுவும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள், அப்பாவோடு லாரியில் மூட்டை ஏற்றப் போக வேண்டியதுதான்.

அதனால் இந்த முறை உயிரைக் கொடுத்து உழைத்தான். கம்ப்யூட்டரில் படத்தை நாற்பது தடவை மாற்றி வரைந்தான். கிதாரின் உடல் வெட்டியாகிவிட்டது. கழுத்து உட்காரும் பள்ளம் மட்டும் பாக்கி. ஆளுக்கு ஒரு பலகைதான், கெட்டால் வேறு கிடையாது.

கம்ப்யூட்டர் படத்தின்படி தானாக மரத்தை வெட்டும் மெஷினில் இருவராகத்தான் நிற்க வேண்டும். அவன் பலகையை இறுக்கினான், இவள் மரத்தைக் குடையும் பிட்டை மாற்றினாள். புது பிட்டின் நீளம் மெஷினுக்குத் தானாகத் தெரியாது. பலகைமேல் ஒரு காகிதத் துண்டை வைத்து, அதை உரசும் அளவுக்கு பிட்டை இறக்கி, இதுதான் சைபர் என்று பிட்டை மாற்றியவர்தான் சொல்லித்தர வேண்டும். அந்த நேரம் பார்த்து பலகையைப் பிடித்திருக்கும் ஒரு கிளாம்ப் லூசாக இருப்பது இவள் கண்ணில் பட்டது. எத்தனை தடவை சொல்வது, உனக்குப் பொறுப்பே வராதா என்று பிடிபிடியென்று பிடித்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு இறுக்கினான். திட்டிய சூட்டோடு இவள் சைபர் வைக்காமலே பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

பழையதைவிட நீளமான பிட் விறுவிறுவென்று இறங்கியது. அவன் சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் பலகை மறுபக்கம் வரை ஓட்டையாகிவிட்டது.

காகிதத் துண்டு மேஜைமேல் கசங்காமல் கிடந்தது. எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள்.

சத்தம் கேட்டு வந்த வாத்தியார் பலகையைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. நாளைக்கு அலுவலகத்துக்கு வந்து பெயரை அடிக்கும் தாளில் கையெழுத்துப் போடும்படி அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் மரத்தூளைக் கூட்டினான். பாதியில் நிறுத்திவிட்டு அவளிடம் கேட்டான்.

"சைபர் வைக்க மறந்தது நான்தானே? கிளாம்பப் பாத்துட்டு இருந்தேனா, ஒண்ணுமே ஞாபகம் வரல. நீ பாத்தியா?"

குத்திக்காட்டவில்லை அவன். நிஜமாகவே கேட்டான். அவள் எதைச் சொன்னாலும் நம்பியிருப்பான்.

"விடுண்ணா," என்றாள். "எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

அவன் சரியென்று தலையாட்டினான். பிறகு அப்பாவுக்கு போன் போட்டு, "நான்தாம்ப்பா கெடுத்துட்டேன்," என்றான்.