கோழித் தண்ணீரில் கலந்த மருந்து

கோத்தா திங்கி ஆஸ்பத்திரியில் நான் படுத்திருந்த வார்டில், பக்கத்துக் கட்டில்காரர் கோழிப்பண்ணைக்காரர். ஒல்லியான உடம்பு. வலது கால் மட்டும் புண்ணாகி, முழங்கால்வரை வீங்கியிருந்தது. யார் இருமினாலும் தலையைச் சாய்த்துக் கவனிப்பார். கொட்டகையில் சீக்குக் கோழியை அப்படித்தான் கண்டுபிடிப்பாராம்.

புண்ணுக்கு ஏற்றிய மருந்து கிருமியிடம் பலிக்கவில்லை என்று ஒரு காலை டாக்டரம்மா சொன்னார். மருந்தின் பெயரைக் கேட்டதும் இவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அது நான் கோழித் தண்ணில கலக்குறதாச்சே!"

"கோழிகிட்டயே அந்த மருந்துக்குப் பழகிப்போன கிருமியா இருக்கலாம், அங்கிள். கலக்குறத நிறுத்துங்க."

டாக்டரம்மா போன சற்று நேரத்தில் இவர் மனைவி போன் செய்தார். குஞ்சுகள் இருமத் தொடங்கிவிட்டனவாம்.

"மருந்தக் கலந்துரு லா," என்றார் இவர்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கலக்கலன்னா கொட்டகையே செத்துரும். அப்புறம் வளக்கக் குடுக்குற கம்பெனிக்காரன் அடுத்த தடவ குஞ்சு தரமாட்டான். வேற என்னதான் செய்யச் சொல்றீங்க?"

அன்று மத்தியானம் சோறும் கோழிக் குழம்பும் கொடுத்தார்கள். அவர் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.