பத்து எண்ணினால் போட் கிளம்பிவிடும்

சாப்பிட்ட தட்டை அவரவர் எடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொன்னால் பெண் எடுப்பாள், பையன் எழுந்து போய்விடுவான். அவன் அப்பா அப்படி, பெரியப்பா அப்படி. பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்தபோது பாத்திரம் பண்டத்தோடு இந்தப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்த குடும்பம். என் பையனோடு இது முடியட்டும் என்று தீர்மானித்தேன். ஏழு வயதுப் பையனிடம் அதட்டல் பலிக்காது. விளையாட்டாக்கினேன்.

சாப்பாட்டு மேஜை மட்டாஞ்சேரி ஜெட்டி. சிங்க், எதிர்க்கரை எறணாகுளம். தட்டெல்லாம் போட். ஒருநாள் அக்கா, ஒருநாள் தம்பி, போட் ஓட்டுகிற சிராங்கு. தட்டுகளை அக்கரை சேர்த்துத் தேய்ப்பது சிராங்கின் வேலை. தட்டில் கை வைக்காமல் கதை அளப்பவர்களைப் பார்த்தால் சிராங்கு மனதுக்குள் பத்து எண்ணலாம். எண்ணி முடித்தால் போட் கிளம்பிவிடும், சோறு மிச்சமிருந்தாலும். ஒரே வாரத்தில் பையன் பலகை போட்டு ஏறி நின்று தட்டு தேய்த்தான். இன்றைக்கு யார் முறை என்று அக்காவோடு சண்டை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா, என் கணவரின் அண்ணா, சுள்ளிக்கல்லிலிருந்து சாப்பிட வந்தார். மோர் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு, புருஷக் குழந்தையை எச்சில் தட்டைத் தொட விடலாமா என்று என்னிடம் பிரசங்கம் தொடங்கினார். அன்றைக்குப் பையன்தான் சிராங்கு. அவன் உதடு அசைவதைப் பார்த்தேன். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. பெரியப்பாவின் தட்டு மோர் சாதத்தோடு எறணாகுளம் போய்ச் சேர்ந்தது.

சாப்பிடுகிறவர் முன்னாலிருந்து தட்டை எடுப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எனக்குத் தெரியும். வேறு தட்டு வைத்துப் பரிமாறினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அவர் சோற்றைத் தொடவில்லை. பையனைப் பார்த்து, "நீ ஆண்குட்டியாக்கும். இது பொம்மனாட்டி ஜோலி," என்றார்.

"சாப்பிட்டவா ஜோலி, அண்ணா," என்றேன்.

என் கணவர் ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் தோசை. பையன் தின்றுவிட்டு எழுந்தான். தட்டு மேஜையிலேயே கிடந்தது. "நான் ஆண்குட்டியாக்கும்," என்றான், பெரியப்பாவின் அதே குரலில். 

அப்போது என் கணவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு சிங்குக்குப் போனார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பாதி எண்ணெய் போகவே இல்லை, ஆனாலும் தேய்த்தார். பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தன் தட்டோடு ஓடிப் போய், அப்பாவை இடித்துத் தள்ளிப் பலகையை இழுத்துப் போட்டான்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மத்தியானம் அண்ணா எதிரில் செய்திருக்க வேண்டிய காரியம் அது. மறுநாள் காலையிலேயே அண்ணாவுக்குப் போன் செய்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட வரச் சொன்னேன்.